மூன்றரை மணிப் பந்தி

மரகதம் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. கோபம் வராதவள் என்று அர்த்தமில்லை. வந்ததை விழுங்கி, அதன் மேல் ஒரு மடக்குத் தண்ணீரும் குடித்து, முருகா என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறவள். ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் இப்படியே ஓட்டிவிட்டாள். போன மார்ச் மாதம் ஒரு காகிதத்தில் தன் பெயரைப் பார்த்தாளே, அன்றைக்கு வந்ததுதான் விழுங்க முடியாமல் தொண்டையில் நின்றுவிட்டது.

சொந்த ஊர் காங்கேயம் பக்கம். அஞ்சாம் வகுப்போடு படிப்பு சரி. பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி, செக்கிங் வேலை. கணவன் திருமூர்த்தியின் அக்கா ஒரு டாக்டரைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா போனவர். தம்பி குடும்பத்தையும் அங்கே கூப்பிட்டுக்கொள்ள எழுதிப் போட்டார். போட்ட மனு பதிமூன்று வருஷம் கழித்துப் பலித்தது. மகன் கவினையும் கூட்டிக்கொண்டு நியூ ஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சருக்கு வந்து சேர்ந்தார்கள். திருமூர்த்திக்கு ஒரு பெரிய கிடங்கில் சாமான் அடுக்குகிற வேலை. மத்தியானம் மூன்று மணிக்குக் கிளம்பினால் அவர் திரும்பும்போது வீடு தூங்கியிருக்கும். கவின் படித்து முடித்து நியூயார்க்கில் வேலைக்குப் போகிறான். இருட்டோடு பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறி இருட்டோடு வந்து இறங்குகிறான்.

வீட்டில் சாப்பாட்டு மேஜை இருக்கிறது, நாலு நாற்காலியும் இருக்கிறது. மேஜை மேல் தபால், சார்ஜர், கடைக் கூப்பன். கவின் தட்டை எடுத்துக்கொண்டு லேப்டாப் முன்னால் போய்விடுவான். திருமூர்த்தி எழுந்து சாப்பிடும்போது இவள் வேலைக்குப் போயிருப்பாள். சாமிக்குப் படைத்துவிட்டு அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடி சாப்பிட்டுவிடுவாள். மூன்று பேருக்கும் குறையில்லாமல் சோறு இருந்தது. சேர்ந்து உட்கார்ந்து ஒரு வாய் தின்னத்தான் வழியில்லை.

அமெரிக்கா வந்த பிறகு நாலு பேரோடு உட்கார்ந்து அவள் சாப்பிட்டது ஒரே இடத்தில்தான். அது ராக்கோ என்கிற இத்தாலிக்காரரின் ஓட்டலில்.

அப்பார்ட்மென்டிலிருந்து இருபது நிமிஷ நடை. பன்னிரண்டு மேஜை போட்ட சின்ன ஓட்டல். ஆறு வருஷத்துக்கு முன்பு காய் நறுக்கச் சேர்ந்தாள். போகப்போக மாவு வேலை அவள் கைக்கு வந்தது. ரவை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கயிறு மாதிரி உருட்டி, துண்டு போட்டு, இரண்டு விரலால் அழுத்தி இழுத்தால் சோழி மாதிரி சுருண்டுகொள்ளும். அதற்குக் கவடெல்லி என்று பெயர். முட்டை சேராது என்பதால் அவளுக்கும் சம்மதம். திருமூர்த்திக்கு நெஞ்சுவலி வந்தபோது பழனிக்கு வேண்டிக்கொண்டு கறி, மீன், முட்டை மூன்றையும் விட்டவள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மூன்றரை மணிக்கு அடுப்பையெல்லாம் தணித்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஐந்து மணிக்குத்தான் வாடிக்கைக்காரர்கள் வருவார்கள். அதற்கு முன்னால் வேலை செய்கிறவர்கள் ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்பது ராக்கோவின் அப்பா காலத்திலிருந்து வந்த வழக்கமாம். மரகதம் தன் தயிர்சாத டப்பாவை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விட்டாள். ராக்கோ வந்து கூப்பிட்டார். "நோ, நோ" என்றாள். மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் "நோ" என்றாள். அறுபத்தெட்டு வயது மனிதர், இடுப்பு வலியோடு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கே வந்து நின்றுவிட்டார். மூன்றாவது தடவை மறுக்க அவளுக்கு வாய் வரவில்லை.

அவள் பிறந்த பக்கத்தில் கூப்பிட்டவுடன் போய் உட்காருகிறவர்களை ஆலாய்ப் பறக்கிறார்கள் என்பார்கள். முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் தடவை கேட்பது கூப்பிடுகிறவனின் மரியாதை. கடல் தாண்டி வந்த இடத்தில் இதைத் தெரிந்த ஒரு மனிதர் இருந்தாரே என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து விளக்கேற்றி அழுதாள்.

அந்த மேஜைக்கு ராக்கோ சில சட்டங்கள் வைத்திருந்தார். கடைசி ஆள் உட்காரும் வரை யாரும் கரண்டியைத் தொடக்கூடாது. பாத்திரம் கழுவுகிற லூயிஸுக்கு முதலாளிக்குப் பக்கத்து நாற்காலி. ரொட்டியைக் கையால் பிட்டு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். போன் அடித்தால் அடிக்கட்டும். இவள் விரதத்தைக் கேள்விப்பட்டதும் இவளுக்கென்று தனிச் சட்டி வந்தது. அவரும் தன் அம்மா பிழைக்க வேண்டும் என்று ஒரு புனிதருக்கு நேர்ந்துகொண்டு முப்பது வருஷமாக ஒயினைத் தொடாதவர்.

இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ராக்கோவால் நிற்க முடியவில்லை. ஓட்டலை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வாங்கியவர் சந்தானம். சென்னைக்காரர், வெஸ்ட் வின்ட்சரிலேயே பெரிய வீடு, கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய பதவி. அந்த வேலையையும் விடவில்லை. இதை ஒரு பக்கம் வைத்துக்கொண்டார். பெயர்ப் பலகையில் ராக்கோவின் பெயர் அப்படியே இருந்தது. அடுப்படியில் ராக்கோவின் தங்கை தெரேசா அப்படியே இருந்தாள். மரகதத்துக்குச் சந்தோஷம்தான். நம்ம பாஷை பேசுகிறவர், கோயிலுக்குப் போகிறவர், ஆன்ட்டி ஆன்ட்டி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர்.

ஒரு நாள் மாவு பிசையும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"ஆன்ட்டி, இந்த டெய்லி ஸ்டாஃப் மீல் உங்களுக்கு வேணுமா? உங்களுக்குன்னு வேற செப்பரேட்டா வெஜிடேரியன் பண்றாங்க."

முதலாளி கேட்கிறார். வேண்டும் என்று எப்படிச் சொல்வாள்?

"எனக்கு என்னத்துக்குங்க தம்பி. அதெல்லாம் வேண்டாமுங்க. நான் ஊட்டுலயே சோறுண்டுட்டு வந்துருவனுங்க."

"சூப்பர் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை குளிர் அறைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மரகதத்துக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தன் பெயர் மட்டும் தெரியும்; கையெழுத்துப் போடுவதற்காகக் கவின் சொல்லிக் கொடுத்தது. காகிதத்தின் நடுவில் அந்த ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்துவிட்டாள். தன் வேலையைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு, போனில் படம் எடுத்துத் திருமூர்த்திக்கு அனுப்பினாள். லூயிஸைக் கூப்பிட்டு, "மை நேம்" என்று விரல் வைத்துக் காட்டினாள். லூயிஸ் காகிதத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்றைக்கு மூன்றரை மணிக்கு யாரும் உட்காரவில்லை. தெரேசா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றபடியே எதையோ மென்றாள். லூயிஸ் பின்வாசலில் பால் கூடையைக் கவிழ்த்துப் போட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தான். மரகதம் "தெரேசா" என்று இரண்டு தரம் கூப்பிட்டதற்கு, அவள் அடுப்பை இன்னும் பெரிதாக்கினாள்.

ராத்திரி கவினிடம் படத்தைக் காட்டினாள்.

"கண்ணு, என்ற பேரு போட்டுருக்குது பாரு. என்னன்னு படி."

கவின் படித்தான். இன்னொரு தரம் மனசுக்குள் படித்தான்.

"மா, நீ ஏதாச்சும் சொன்னியா அவருகிட்ட?"

"என்னத்தச் சொன்னன்?"

"இனிமே ஸ்டாஃப் மீல் கிடையாதாம். ஆளுக்குப் பதினஞ்சு நிமிஷம் பிரேக், அவங்கவங்க சாப்பாட்ட அவங்கவங்க கொண்டு வரணுமாம். மரகதம் கேட்டுக்கிட்டதால இந்த முடிவுன்னு போட்டிருக்கு."

"என்ன கேட்டுக்கிட்டன்?"

"வேணாம்னு நீ கேட்டுக்கிட்டதா."

அவள் போனைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். தன் பெயர் இருந்த இடத்தில் விரல் வைத்து லூயிஸிடம் காட்டியது ஞாபகம் வந்தது. பல் தெரியச் சிரித்துக்கொண்டே காட்டினாள். உன் சோற்றில் மண் போட்டது நான்தான், பார் என்று காட்டியிருக்கிறாள்.

"விடு மா. ஓனர் அவரு, அவரு இஷ்டம். லீகலா ஒண்ணும் பண்ண முடியாது. நீ ஏன் டென்ஷன் ஆகுற? டப்பால கட்டிட்டுப் போ."

"டப்பால கட்டீட்டுப் போறதுக்கு எனக்குத் தெரியாதா?" அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "தட்டத் தூக்கீட்டு ரூமுக்குப் போறவனுக்கு இதெல்லாம் புரியாது சாமி. போ, போய் உன்ற கம்ப்யூட்டரோட உக்காந்து தின்னு."

கவின் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அம்மா அவனிடம் இப்படிப் பேசியதே இல்லை.

படுத்தால் தூக்கம் வரவில்லை. பனியன் கம்பெனி ஞாபகம் வந்தது. அங்கேயும் பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தூக்குப்போசியைத் திறந்து குழம்பை மாற்றிக்கொள்வார்கள். ஒரு நாள் சரக்கு அவசரமாகப் போக வேண்டும் என்று சூப்பர்வைசர் வந்து, "எந்திரி, எந்திரி" என்று கத்தினான். வாயருகே கொண்டுபோன கவளத்தைப் போசியிலேயே போட்டுவிட்டு எழுந்தாள். கை கழுவக்கூட விடவில்லை. துணியில் கறை படும் என்று இடது கையாலேயே செக்கிங் பார்த்தாள். வலது கையில் சோறு காய்ந்து ஒட்டிக்கொண்டது. பந்தியில் உட்கார்ந்தவளை எழுப்புவது அவள் ஊரில் அடிப்பதைவிடப் பெரிய அவமானம். அப்பன் பேர் தெரியாதவன்கூடச் செய்ய மாட்டான். அவள் எழுந்தாள். ஏன் எழுந்தோம் என்று இருபத்தைந்து வருஷமாகத் தன் மேலேயே ஒரு கோபம் கிடந்தது. இப்போது அதுவும் இதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

சந்தானத்துக்குத் தெரியாதா என்ன? தெரேசாவுக்குத் தெரியாது என்றால் நியாயம். லூயிஸுக்குத் தெரியாது என்றால் நியாயம். தமிழ் வீட்டில் பிறந்து, தாய் கையால் சோறு தின்று வளர்ந்தவருக்கு, ஒரு பெண்பிள்ளை முதல் தடவை சொல்கிற வேண்டாமுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் ஒரே தடவை கேட்டார். தெரிந்தேதான் 'சூப்பர் ஆன்ட்டி' என்று ஓடினார்.

காலையில் குளித்துவிட்டு விளக்கேற்றினாள். வழக்கமாகக் கோபம் வந்தால், எடுத்துக்கொள் அப்பனே என்று முருகன் காலடியில் வைத்துவிடுவாள். அன்றைக்கு அப்படிக் கேட்கவில்லை.

"முருகா, இன்னைக்கு இது என்கிட்டயே இருக்கட்டும். எடுத்துக்காத" என்றாள்.

ஓட்டலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போனாள். தெரேசா தக்காளி வதக்கிக்கொண்டிருந்தாள். மரகதம் நேராக அவள் முன்னால் போய் நின்றாள். தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் சேர்த்தால் ஒரு கைப்பிடி தேறும். அதை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"தெரேசா, லிசன். மை ஊர், ஃபர்ஸ்ட் டைம் நோ. நோ இஸ் மேனர்ஸ். செகண்ட் டைம் ஆஸ்க். தேர்ட் டைம் ஆஸ்க். தென் யெஸ். ராக்கோ த்ரீ டைம் ஆஸ்க், யூ ரிமெம்பர்? சேர் கொண்டுவந்து? சந்தானம் ஒன் டைம் ஆஸ்க். ஒன்லி ஒன்."

தெரேசா கரண்டியை நிறுத்தினாள். எங்கள் அம்மா யார் வீட்டுக்குப் போனாலும் மூன்று தடவை சொல்லாமல் காபியைத் தொட மாட்டாள் என்று சொல்லி மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது.

அந்த ஆளுக்கு இது தெரியுமா என்று கேட்டாள்.

"ஹி தமிழ். ஹி நோ. வெரி நோ. கே, என், ஓ" என்று எழுத்துக் கூட்டிப் பார்த்தாள் மரகதம். அடுத்த எழுத்து ஞாபகம் வரவில்லை. "ஹிஸ் மதர் டீச். மை மதர் டீச். சேம்."

தெரேசா அடுப்பை அணைத்தாள். போய்க் குளிர் அறைக் கதவிலிருந்த காகிதத்தை ஒரே இழுப்பில் கிழித்தெடுத்தாள்.

மூன்றரை மணிக்கு மேஜையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். தெரேசா கொண்டைக்கடலை போட்ட பாஸ்தாவை ஒரே சட்டியில் வைத்திருந்தாள். அன்றைக்கு யாருக்கும் வழக்கமான பன்றி எலும்பு கிடையாது, எல்லோருக்கும் மரகதத்தின் சட்டிதான். சட்டிக்கு அடியில் அந்தக் காகிதத்தை மடித்து வைத்தாள். எண்ணெய் ஊறிக் காகிதம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. லூயிஸ் தயங்கித் தயங்கி வந்தான். மரகதம் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"சாரி, லூயிஸ்" என்றாள். அவன் ரொட்டியைப் பிட்டு அவளிடம் நீட்டினான்.

நாலு வாய் உள்ளே போயிருக்காது. முன்வாசல் கதவு திறந்தது. சந்தானம். அன்றைக்கு ஆறு மணிக்கு அவர் மனைவி ஜலஜாவின் சொந்தக்காரர்கள் முப்பது பேருக்கு விருந்து. ஊரிலிருந்து மாமனாரும் வந்திருக்கிறார். எல்லோருக்கும் கவடெல்லி என்று சொல்லியிருந்தார். மாவு இன்னும் துணிக்கு அடியில் உருண்டையாகவே இருந்தது.

அவர் மேஜையைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். யாரைத் திட்டுவது சுலபம் என்று பார்த்திருப்பார் போல.

"லூயிஸ், கெட் அப். லுக் அட் தோஸ் ப்ளேட்ஸ். அப், அப்."

லூயிஸ் எழுந்தான். கரண்டி கையிலேயே இருந்தது. வாயில் கவளம் இருந்தது.

மரகதம் அவன் தோளில் கை வைத்து அழுத்தினாள். "உக்காரு" என்று தமிழில்தான் சொன்னாள். அவனுக்குப் புரிந்தது. உட்கார்ந்தான்.

"ஏனுங்க" என்றாள், சந்தானத்தைப் பார்த்து. அவள் எழுந்திருக்கவில்லை. "சோத்துல உக்காந்தவனை எழுப்பறீங்களே, எந்த ஊருப் பழக்கமுங்க இது?"

"ஆன்ட்டி, இது ஆஃபீஸ் மாதிரி. ப்ரொஃபஷனலா இருக்கணும். நீங்களே வேணாம்னு சொல்லிட்டு இப்போ..."

"சொன்னனுங்க. ஒருக்கா வேண்டாம்னு சொன்னன். நீங்க ரெண்டாந்தரம் கேட்டீங்களா?"

அவர் போனை எடுத்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டார்.

"இன்னைக்கு உங்க மாமனார் வாறாரு. சோறு போட்டுக்கலாமுங்களான்னு கேப்பீங்க. அவரு வேண்டாம் மாப்பிள்ளைம்பாரு. சூப்பர் மாமான்னு சொல்லீட்டுத் தட்டத் தூக்கீருவீங்களா? கதவுல காகிதம் ஒட்டுவீங்களா, மாமனாரு கேட்டுக்கிட்டதுனால இனிமே இந்த ஊட்டுல யாருக்கும் சோறு கெடையாதுன்னு?"

தெரேசாவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனாலும் கரண்டியால் மேஜையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ஆன்ட்டி, ப்ளீஸ். நீங்க நம்மாளு. இவங்க முன்னாடி இப்படிப் பேசலாமா?"

"நம்மாளுங்கறதுனாலதான் என்ற பேரப் போட்டீங்க. இவிங்க பேரப் போட்டிருந்தா இவிங்க கேப்பாங்க. நான் கேக்க மாட்டன்னு போட்டீங்க. ஆறு வருசம் இவிங்க கூட உக்காந்து தின்னவ நான். ஒரு காகிதத்துல என்னய எல்லாத்துக்கும் துரோகி ஆக்கிப்போட்டீங்க. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க தம்பி. அதையும் புகழ்ச்சின்னு நெனச்சு சாமி கும்புட்டன்."

கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்தது. உடைந்தாலும் கண்ணை எடுக்கவில்லை.

சந்தானம் கடிகாரத்தைப் பார்த்தார். துணி மூடிய மாவைப் பார்த்தார். தெரேசா ஏப்ரனைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாவு?" என்றார்.

"நாலு மணிக்கு எந்திரிப்பனுங்க. ஆறு மணிக்கு முப்பது பேருக்கும் தட்டுல இருக்கும். என்ற கை வேலைக்கு நான் ஜவாப்தாரி. ஆனா நாளைக்கும் மூணரைக்கு இந்த மேஜ இருக்கோணும். இல்லைன்னா இப்பவே சொல்லிப்போடுங்க, மாவத் தொடாம போய்க்கறன்."

 மாவு பிசைகிற கை போய்விட்டால் வேறு கை எங்கே கிடைக்கும் என்று சந்தானம் யோசித்தாரோ, மாமனார் தட்டை நினைத்தாரோ, சொல்ல முடியாது.

"ஓகே ஆன்ட்டி. விடுங்க. பழையபடியே இருக்கட்டும்." பிறகு இங்கிலீஷில் மற்றவர்களுக்கும் அதையே சொன்னார். சட்டிக்கு அடியிலிருந்த காகிதத்தை அப்போதுதான் கவனித்தார். முகம் சிறுத்துப் போனது.

கோபம் தணிந்துவிடும் என்றுதான் மரகதம் நினைத்தாள். தணியவில்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை. காலியாக இருந்த ராக்கோவின் நாற்காலியைக் காலால் நகர்த்தினாள்.

"உக்காருங்க. ஒரு வாய் உண்ணுங்க."

சந்தானத்தின் கண் சட்டியின் மேல் போய் வந்தது. மத்தியானம் சாப்பிடாமல் ஆபீஸிலிருந்து நேராக ஓடி வந்த முகம். பசிக்கிற முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாததில்லை.

"இல்ல ஆன்ட்டி. பரவால்ல. வேணாம்."

சொல்லிவிட்டு அவர் உடனே போகவில்லை. நாற்காலி முதுகில் கை வைத்தபடி நின்றார். ஒரு மூச்சு விடுகிற நேரம். இரண்டு மூச்சு விடுகிற நேரம்.

ஐம்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மரகதம் ஒருவரை இரண்டாம் தடவை கேட்காமல் விட்டாள். முருகன் மன்னிக்கட்டும், நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம்.

சந்தானம் கையை எடுத்துக்கொண்டு முன் பக்கம் போனார்.

மரகதம் கரண்டியைச் சட்டிக்குள் விட்டு நிறைய மொண்டாள். "லூயிஸ், மோர்?" என்றாள்.

"நோ, நோ" என்றான் லூயிஸ், தட்டைக் கையால் மூடிக்கொண்டு.

"மோர்?" என்றாள் மறுபடியும்.